வலுத்த கைதான் வம்பு

நல்ல சீட்டு வந்தால் பந்தயத்தை ஏற்றுவதா, அடக்கி வாசிப்பதா? போக்கர் மேசையின் இந்தக் கேள்வி சட்டமன்றம், நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. விடை கணக்கில் இருக்கிறது. வில்லங்கமும் அதே கணக்கில்தான்.

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகும் பஸ் கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது, கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. கூடவே அதிர்ஷ்டத்தின் சட்டமும் மாறுகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கேரளத்திலோ 1967 முதல் அரசாங்கமே லாட்டரி நடத்துகிறது. எனவே கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், வாளையாறு, இடுக்கிப் பக்கம் குமுளி என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் எல்லாம் லாட்டரிக் கடைகள். அவற்றின் வாடிக்கையாளர்களில் பலர் மேற்கே பார்த்து வந்த தமிழ்நாட்டுக்காரர்கள். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு விழுந்த சீட்டு வாளையாற்றில் விற்றது. பரிசு போய்ச் சேர்ந்தது தமிழ்நாட்டுக்கு.

லாட்டரி வாங்கியவருக்கு அதன்பின் வேலை ஏதுமில்லை. குலுக்கல் நாள் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சீட்டாட்டம் அப்படியல்ல. கையில் வந்த சீட்டு அதிர்ஷ்டம்; அதை வைத்து என்ன செய்வது என்பது ஆடுகிறவரின் புத்தி. இந்த இரண்டில் எது பெரிது? செல்போனில் ரம்மியும் போக்கரும் வந்தபிறகு இந்தக் கேள்வி எல்லையின் இரு பக்கத்தையும் ஆட்டி வைத்தது.

தேதிகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2020 நவம்பரில் தமிழ்நாடு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை அவசரச் சட்டம் கொண்டு தடுத்தது. 2021 பிப்ரவரியில் அது சட்டமாயிற்று. அதே மாதம் கேரளமும் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் தடை செய்தது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் சட்டத்தை ரத்து செய்தது. கேரளத் தடையை அந்த மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்தது செப்டம்பர் 27 அன்று. ஆக, நடுவில் 55 நாட்களுக்கு, பொள்ளாச்சியில் தவறில்லாத ரம்மி கொல்லங்கோட்டில் குற்றம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் அடுத்த சட்டம் வந்ததும் நிலைமை தலைகீழ். கொல்லங்கோட்டில் ஆடலாம், பொள்ளாச்சியில் கூடாது. அந்த நவம்பரில் நீதிமன்றம் மறுபடியும் குறுக்கிட்டது. செல்போன் அதேதான், சீட்டும் அதேதான். சோதனைச் சாவடி மட்டும் நடுவில்.

இத்தனை குழப்பத்துக்கும் அடியில் இருந்தது ஒரே ஒரு வாதம்: நல்ல சீட்டு கையில் இருக்கும்போது பணத்தை ஏற்றத் தெரிவதும் அடக்கத் தெரிவதும் திறமை, திறமை ஆட்டம் சூதாட்டம் ஆகாது. அந்தத் திறமை என்னதான் என்று பார்த்துவிட்டால் சட்டத்தின் சிக்கலும் புரியும், ஆடிக் கெட்டவர்களின் சிக்கலும் புரியும்.

திண்ணையில் இருபத்தெட்டு

போக்கர் என்ற பெயரைக் கேள்விப்படாதவருக்குக்கூட இந்தச் சங்கடம் கேரளத்தில் புதிதல்ல. கல்யாண வீட்டு ராத்திரியிலும் வாசகசாலைத் திண்ணையிலும் ஆடப்படும் 'இருபத்தெட்டு' ஆட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. நாலு பேர், இரண்டு ஜோடி, 32 சீட்டு. ஒவ்வொரு சின்னத்திலும் ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றும் கிடையாது. கூட்டினால் இருபத்தெட்டு.

முதலில் ஆளுக்கு நாலு சீட்டு மட்டும் வரும். அந்த நாலைப் பார்த்தே ஏலம் கேட்க வேண்டும். குறைந்தபட்சக் கேள்வி 14. அதிகம் கேட்டவர் துருப்பு எது என்று தீர்மானித்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். பிறகுதான் மிச்ச நாலு சீட்டு வரும். அதாவது, கையில் பாதியைப் பார்த்துவிட்டு முழுசுக்கும் வாக்குக் கொடுக்க வேண்டும்.

முதல் நாலில் ஒரே சின்னத்து ஜாக்கியும் ஒன்பதும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரமாதமான கை. 14 என்று சொல்லி அமைதியாக இருந்தால், எதிர் ஜோடி 15 கேட்டு வேறு சின்னத்தைத் துருப்பாக்கிவிடும். உங்கள் ஜாக்கியை ஒரு ஏழு வெட்டிக்கொண்டு போகும். எடுத்த எடுப்பிலேயே 20 என்று கத்தினால் எதிரி அடங்குவார். ஆனால் இருபத்தெட்டில் இருபதை எடுத்துக் காட்டுவதாக நீங்கள் எழுதிக் கொடுத்தாயிற்று. மிச்ச நாலு சீட்டும் உதவாக்கரையாக வந்தால்?

ஆறு பேர் இரண்டு கட்டுச் சீட்டுடன் ஆடும் 'ஐம்பத்தாறு' ஆட்டத்தில் ஏலம் இன்னும் சூட்சுமமானது. அங்கே கேள்வி என்பதே கூட்டாளிகளுக்குச் சொல்லும் சங்கேதம். கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் இதே குடும்பத்து ஆட்டம் 'முந்நூற்று நாலு'. அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11 என்று புள்ளிகள் பெரிதாகின்றன. கேள்வி மட்டும் மாறுவதில்லை.

கேரளத்தில் தோற்ற ஜோடிக்குத் தண்டனை என்ன? பல ஊர்களில் காதில் 'குணுக்கு' மாட்டிவிடுவார்கள். இலைக் காம்போ, ஏதாவது ஒரு கொக்கியோ காதில் தொங்க, அடுத்த ஆட்டம் ஜெயிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சுற்றி நிற்பவர்களின் சிரிப்புதான் பந்தயம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு போக்கருக்கு வருவோம்.

ஏற்றினால் என்ன ஆதாயம்?

இப்போது உலகமெங்கும் பரவியிருக்கும் போக்கர் வகை 'டெக்ஸாஸ் ஹோல்டம்'. ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. பிறகு மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்து யாருக்கோ அவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. எதிராளி பணம் வைத்தால் மூன்று வழி. சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கலாம். அதே அளவு வைத்துச் சமன் கட்டலாம். அதற்கும் மேலே ஏற்றலாம்.

இரண்டு சீட்டு வரக்கூடிய விதங்கள் 1,326. அதில் இரண்டும் ஆஸாக வருவது ஆறு விதத்தில். அதாவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. ஆரம்பத்தில் இதைவிட நல்ல கை கிடையாது. புதிதாக ஆட வந்தவர் இந்தக் கை வந்ததும் பதுங்குவார். 'ஏற்றினால் எல்லோரும் ஓடிவிடுவார்கள். சும்மா சமன் கட்டி அவர்களை உள்ளே இழுப்போம்' என்பது அவர் கணக்கு. கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கிறது. பெரும்பாலும் தப்பு.

காரணத்தை எண்கள் சொல்கின்றன. இரண்டு ஆஸ் வைத்திருப்பவருக்கு எதிரே, ஏதோ ஒரு கையுடன் ஒருவர் மட்டும் கடைசிவரை வந்தால், ஆஸ் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 85 சதவீதம். இரண்டு பேர் வந்தால் 73. மூன்று பேர் என்றால் 64. ஐந்து பேர் நின்றால் 49. எட்டுப் பேர் கூடிவிட்டால் 35தான். கையில் இருக்கும் சீட்டு மாறவில்லை. எதிரே கூட்டம் சேரச் சேர அதன் பலம் கரைகிறது. ஒவ்வொருவரும் பலவீனமானவரே என்றாலும், எட்டுப் பலவீனத்தில் ஒன்றுக்கு அதிர்ஷ்டம் அடிப்பது அதிசயமல்ல.

கூட்டத்தைக் குறைப்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, முன்னால் இருக்கும்போதே பணத்தைச் சேர்த்துவிடுவது. பொதுச் சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும்போது நிலைமை மாறிக்கொண்டே இருக்கும். நூற்றுக்கு எண்பத்தைந்து உங்கள் பக்கம் இருக்கும் நேரத்தில் வைக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் உங்களுக்கு ஆதாயம். அந்த நேரத்தில் கஞ்சத்தனம் காட்டுவது விளைந்த வயலை அறுக்காமல் மழைக்கு விடுவதுபோல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுவில் 1,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. இரண்டு ஆஸோடு நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். எதிராளிக்கு ஹார்ட்டின் சின்னத்தில் நாலு சேர்ந்துவிட்டது. ஐந்தாவது வந்தால் அவர் ஜெயித்தார். ஒரே ஒரு சீட்டு பாக்கி. அவர் பார்க்காத சீட்டுகள் 46. அதில் ஹார்ட்டின் 9. அதாவது 46 தடவை இப்படி நடந்தால் 9 தடவை அவருக்கு, 37 தடவை உங்களுக்கு. பின்னால் வரும் பந்தயங்களை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.

நீங்கள் பணமே வைக்காமல் பதுங்கினால், அவர் சல்லிக்காசு செலவில்லாமல் கடைசிச் சீட்டைப் பார்க்கிறார். 9 தடவை 1,000 ரூபாய்: 9,000 ரூபாய் இனாம். நீங்கள் 200 வைத்தால், 9 தடவை 1,200 வீதம் 10,800 ஜெயிப்பார். 37 தடவை 200 வீதம் 7,400 தோற்பார். இன்னமும் அவருக்கு 3,400 லாபம். நீங்கள் 500 வைத்தால்? ஜெயிப்பது 13,500, தோற்பது 18,500. இப்போது 5,000 ரூபாய் நஷ்டம் அவருக்கு. சீட்டு ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். நீங்கள் எவ்வளவு வைத்தீர்கள் என்பது மட்டும் லாபத்தை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குத் தள்ளுகிறது. திறமை என்று நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது இதைத்தான்.

அடக்கி வாசிக்கும் நேரம்

அப்படியானால் நல்ல கை வந்தால் எப்போதும் ஏற்றிவிட வேண்டியதுதானா? அதுவும் ஆபத்து. நல்ல கைக்கு மட்டுமே ஏற்றுகிறவர் தன் சீட்டைத் திறந்து காட்டி ஆடுவதற்குச் சமம். அவர் பணத்தைத் தொட்டதுமே மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

சமன் கட்டிவிட்டு அமைதியாக இருப்பதற்கென்று தருணங்கள் உண்டு. கையில் நாலு ராஜா சேர்ந்துவிட்டது. இனி எந்தச் சீட்டு வந்தாலும் எதிராளி முந்துவது அநேகமாக நடக்காது. அப்போது அவரை விரட்டுவானேன்? ஏதாவது சேரட்டும் என்று விடலாம். எதிராளி முரட்டுத்தனமாகப் பாவ்லா காட்டுகிறவர் என்றால் அவரே பணத்தைக் கொட்டட்டும் என்று பேசாமல் இருக்கலாம். எதிரே ஒருவர்தான் மிச்சம், அவருக்கும் கை சேரவில்லை என்று தெரிந்தாலும் பொறுக்கலாம். ஆனால் மேசையில் ஒரே சின்னத்துச் சீட்டுகளோ அடுத்தடுத்த எண்களோ விழுந்து கிடந்தால், எதிரே நாலைந்து பேர் காத்திருந்தால், பதுங்குவது மற்றவர்களுக்கு இலவச டிக்கெட் கொடுப்பதுதான்.

இதை வெறும் அனுபவ ஞானம் என்று ஒதுக்க முடியாது. ஜான் வான் நியூமன் என்ற கணித மேதை, பொருளாதார நிபுணர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944-ல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கரை ஆராய்ந்தார். வலு இல்லாத கைக்கும் சில சமயம் ஏற்றத்தான் வேண்டும். அப்போதுதான் வலுத்த கைக்கு ஏற்றும்போது ஆள் சிக்கும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். பாவ்லா என்பது போக்கிரித்தனமல்ல, கணிதம்.

இயந்திரங்கள் இதை இன்னும் தூரம் கொண்டுபோயின. இரண்டு பேர் ஆடும், பந்தய அளவு கட்டுப்படுத்தப்பட்ட போக்கரை ஏறத்தாழ முழுக்கத் தீர்த்துவிட்டதாக 2015-ல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 'லிப்ராட்டஸ்' என்ற கம்ப்யூட்டர் நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 20 நாட்களில் 1,20,000 ஆட்டம் ஆடி ஜெயித்தது. 2019-ல் அதன் வாரிசான 'புளூரிபஸ்' ஆறு பேர் மேசையிலும் நிபுணர்களை மிஞ்சியது. இந்த நிரல்கள் ஒரே கைக்கு எப்போதும் ஒரே பதில் சொல்வதில்லை. அதே சீட்டு, அதே நிலைமை. சில தடவை ஏற்றும், சில தடவை சமன் கட்டும். எத்தனைக்கு எத்தனை என்ற விகிதம்தான் அதன் ரகசியம். எதிரே இருப்பவரால் படிக்க முடியாத முகம் வேண்டும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொன்னதை இயந்திரம் விகிதக் கணக்காக்கிவிட்டது.

நீதிபதிகளின் மேசையில்

இந்திய நீதிமன்றங்கள் இந்தக் கணக்குக்கு வெகு முன்பே வந்துவிட்டன. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கில், 1968-ன் தீர்ப்பு என்று இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று யோசித்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பிரதானமாகத் திறமை ஆட்டம். மூன்று சீட்டு அப்படியல்ல, அது அதிர்ஷ்டம்.

போக்கர் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம்? அதில்தான் ஊருக்கு ஒரு நியாயம். மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் போக்கரைச் சூதாட்ட விளக்கத்திலிருந்தே விலக்கி வைத்தது. 2013-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் போக்கரைத் திறமை ஆட்டமாக ஏற்றது. 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் அது சூதாட்டமே என்றது. அமெரிக்காவிலும் இதே இழுபறி. 2012-ல் புரூக்ளின் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் போக்கரில் திறமையே மேலோங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே மேல் நீதிமன்றம் வேறு சட்டக் காரணம் காட்டி அதை மாற்றியது.

தமிழ்நாட்டின் வழி வேறு. கடன் பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்கள் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்த நிலையில், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022-ல் அறிக்கை கொடுத்தது. அந்த அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. சட்டத்தின் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தன. 2023 நவம்பர் 9 அன்று தலைமை நீதிபதி எஸ்.வி. கங்காபுர்வாலாவும் நீதிபதி பி.டி. ஆதிகேசவலுவும் அடங்கிய அமர்வு சட்டத்தை நிலைநிறுத்தி, அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. இரண்டும் திறமை ஆட்டங்களே. தடை செய்ய முடியாது, நேரத்தையும் வயதையும் ஒழுங்குபடுத்தலாம் என்றது நீதிமன்றம். அதன்படி 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடத் தடை, ஆதார் மூலம் அடையாளச் சரிபார்ப்பு என்று விதிகள் வந்தன. அந்த ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது.

நீதிபதிகள் சொன்னதில் பிசகு இல்லை. 500 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்தவர், அறியாதவரைக் காலப்போக்கில் ஜெயிப்பார். அது திறமைதான். ஆனால் கடன்பட்ட வீட்டின் கேள்வி வேறு.

வலுத்த கையின் விலை

போக்கரில் ஆளை அழிப்பது மோசமான சீட்டல்ல. மோசமான சீட்டு வந்தால் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். நஷ்டம் சில்லறைதான். கையிருப்பு முழுவதும் ஒரே மூச்சில் போவது, நல்ல சீட்டு வந்த அன்றைக்கு. கையில் இரண்டு ராஜா. எதிரே ஒருவரிடம் இரண்டு ஆஸ். ஒன்பது பேர் ஆடும் மேசையில் ராஜா ஜோடி பிடித்தவருக்கு இது சுமார் இருபத்தைந்துக்கு ஒரு தடவை நடக்கும். ராஜாக்காரர் ஏற்றியது தவறா? இல்லை. புத்தகப்படி சரி. பணம் போனதும் நிஜம். அந்த ஆட்டத்தில் அவர் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம்.

ஆஸ் வைத்திருப்பவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. அந்த 18 சதவீதம் ராஜாவுக்கு அடிக்கிற நாளும் வரும். அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருப்பார், தோற்றிருப்பார். 'நான் சரியாகத்தான் ஆடினேன், சீட்டுதான் ஏமாற்றியது' என்பார். உண்மைதான். அந்த உண்மைதான் அவரை மறுபடி பணம் போட வைக்கிறது. முட்டாள்தனமாகத் தோற்றவன் ஒருவேளை எழுந்து போய்விடுவான். சரியாக ஆடித் தோற்றவன் போவதில்லை. நியாயம் தன் பக்கம் இருப்பதாக அவனுக்குத் தெரியும்.

திறமை லாபமாக மாறுவதற்கு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். அதுவரை தாங்குவதற்குக் கையிருப்பு வேண்டும். லிப்ராட்டஸ் நிரலின் திறமையை உறுதிப்படுத்தவே 1,20,000 ஆட்டம் தேவைப்பட்டது. மாதச் சம்பளக்காரரிடமும் மாந்தோப்புக் கூலியிடமும் அவ்வளவு ஆட்டத்துக்கான பணம் ஏது? கணக்கு அவர் பக்கம் திரும்புவதற்குள் காசு தீர்ந்துவிடும்.

இன்னொரு ஆள் மேசையில் உட்கார்ந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அவர் சீட்டே பிடிப்பதில்லை, தோற்பதும் இல்லை. ஆட்டம் நடத்தும் நிறுவனம். உதாரணத்துக்கு, சம திறமையுள்ள ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் உட்காருகிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் சராசரியாக 200 ரூபாய் சேர்கிறது. நிறுவனம் அதில் 5 சதவீதம், அதாவது 10 ரூபாய், எடுத்துக்கொள்கிறது. நூறு ஆட்டம் முடிந்தால் ஆறாயிரத்தில் ஆயிரம் காணோம். அறுநூறு ஆட்டம் முடிந்தால் மேசையில் ஒன்றுமே மிச்சமில்லை. ஆறு பேரும் ஒருவரை ஒருவர் ஜெயித்துக்கொண்டே, ஆறு பேரும் தோற்றிருப்பார்கள். கையால் கலைத்துப் போடும்போது இதற்குப் பல ராத்திரி ஆகும். செல்போனில் கலைக்கும் நேரமே கிடையாது. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று மேசையில் வேறு உட்காரலாம். போதாக்குறைக்கு 2023 அக்டோபர் முதல் ஆட்டத்துக்குக் கட்டும் பணத்தின் மீதே 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. திண்ணையில் புள்ளியாக இருந்த இருபத்தெட்டு, செல்போனில் வரியாக மாறியது.

திருக்குறளில் சூதுக்கு ஒரு தனி அதிகாரமே உண்டு, 94-வது. தோல்வியை எச்சரிப்பதற்கு முன்பாக வள்ளுவர் வெற்றியை எச்சரிக்கிறார். ஜெயித்த காசைத் தூண்டில் முள்ளாகப் பார்த்தவர் அவர். வலுத்த கை என்ற விஷயத்தைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொன்னவர் இல்லை. வலுவற்ற கை யாரையும் இழுப்பதில்லை.

இனி?

2025 ஆகஸ்டில் மத்திய அரசு திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தூக்கி ஓரமாக வைத்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும் தடை என்ற சட்டத்தை மக்களவை 20-ஆம் தேதியும் மாநிலங்களவை 21-ஆம் தேதியும் நிறைவேற்றின. மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். ஆட்டம் நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. சுமார் 45 கோடிப் பேர் இந்த ஆட்டங்களால் பாதிக்கப்பட்டார்கள், 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார்கள் என்பது அரசு சொன்ன மதிப்பீடு. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை உடனே நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து மூன்று உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிக்கு இரு புறமும் இந்தச் சட்டம் ஒன்றே. ஆனால் லாட்டரிக் கடைகளை அது தொடவில்லை. ஒரு துளித் திறமையும் வேண்டாத லாட்டரி கேரளத்தில் அரசு முத்திரையோடு விற்கிறது. கணித மேதைகள் நூல் எழுதிய ஆட்டத்துக்குத் தடை. திறமை ஆட்டக்காரர்களுக்கு இது அநியாயமாகப் படுவதில் ஆச்சரியமில்லை. தொழில்முறையாக ஆடிப் பிழைத்தவர்களும் உண்டு. 2018-ல் லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் தொடரில் ஜோடி ஆட்டத்தில் ஜெயித்து, அதன் பரிசுக் கைவளையை வாங்கிய முதல் இந்தியப் பெண் என்ற பெயர் பெற்ற நிகிதா லூதர் போன்றவர்களைச் சூதாடி என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தவர்களையும் எண்ண வேண்டும். போக்கர் மேசையில் ஒருவர் ஜெயிக்கும் ரூபாய் வேறு எங்கிருந்தும் வருவதில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்துதான் வருகிறது. ஆட்டம் திறமை ஆட்டமாக இருக்க இருக்க, திறமை குறைந்தவர் இழப்பது அவ்வளவு நிச்சயமாகிறது. நீதிமன்றத்தில் ஆட்டத்தைக் காப்பாற்றிய வாதம், வீட்டில் அதற்கு எதிரான வாதமாகத் திரும்பி நிற்கிறது.

ஆகவே நல்ல கை வந்தால் ஏற்றுவதா, சமன் கட்டுவதா என்ற கேள்விக்கு மேசையில் விடை தெளிவு: பெரும்பாலும் ஏற்றுங்கள், அரிதாகப் பதுங்குங்கள், எதிராளி ஊகிக்காதபடி இரண்டையும் கலந்து செய்யுங்கள். இருபத்தெட்டில் இதைத் தப்பாகச் செய்தால் அரை மணி நேரம் காதில் குணுக்கு தொங்கும். அடுத்த ஆட்டத்தில் கழற்றிவிடலாம். பணம் வைத்த மேசையில் இதைச் சரியாகவே செய்தாலும் ஐந்தில் ஒரு தடவை தோற்க வேண்டிவரும். அந்த ஐந்தாவது தடவைக்கு எந்தப் பணத்தை வைத்தீர்கள் என்பதுதான் சீட்டு பிரிப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.